கூடம்தான் கோணல்

போன வாரம் திவ்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவள் அவள். முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று ஒளிக்கோடு போட்டுக் காட்டும் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். டயரின் மேல் சிவப்புக் கோடு விழுகிறது, பக்கத்துத் திரையில் ஓர் எண் வருகிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அண்ணா, இனிமே நூலும் வாணாம், கண்ணாடியும் வாணாம். மெஷினே சொல்லிடுது. ஆனா அந்த ரஃபீக் வண்டி விஷயத்த ஒரு தபா வாய்ஸ்ல போடுங்க. புதுசா வந்தவங்க கேக்குறாங்க."

மூன்று தடவை பேசிப் பார்த்தேன். முதல் தடவை வீட்டில் மிக்சி ஓடியது. இரண்டாம் தடவை பைபாஸில் போன லாரிக்காரன் ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. மூன்றாம் தடவை எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. நான்தான் முக்கியமான இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் என் தப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை வாயால் சொல்வதைவிட எழுதுவது கொஞ்சம் சுலபம் என்று படுகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். முப்பத்தாறு வருடம் இரண்டு சக்கர வண்டி பார்த்தேன். தொடக்கம் வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில். அங்கே எட்டு வருடம் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தெரிந்தவன் தட்டினால் நிமிரும், தெரியாதவன் தட்டினால் உடையும். பிறகு ஆம்பூரில் ஒரு பெரிய பணிமனை. எங்கள் பக்கத்து வண்டிகள் சும்மா ஆளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள் இல்லை. தோல் கட்டு, ஷூவுக்கு அடிப்பாகம், பசை டின், மூன்று பிள்ளைகள் எல்லாம் ஏறும். அதனால் முன்பக்கம்தான் முதலில் அடி வாங்கும். ஆம்பூரில் முன்பக்கம் பார்க்க ஏகாம்பரத்தை விட்டால் ஆள் இல்லை என்று பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களில் நானும் ஒருவன்.

எங்களுக்கு மேலே சர்வீஸ் இன்சார்ஜாக இருந்தவர் தேவதாஸ். அரக்கோணத்துக்காரர், ரயில்வே குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வெள்ளைச் சட்டைதான் போடுவார், அதில் ஒரு நாளும் கிரீஸ் பார்த்ததில்லை. அவர் வண்டியைத் தொட மாட்டார் என்று வந்த புதிதில் கேலி செய்தோம். தொடுவார், ஆனால் தொடுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதிரிலிருந்து ஒரு நிமிடம் பார்ப்பார். அந்த ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் திட்ட மாட்டார், எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து முதலிலிருந்து நடப்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. "சரி." ஒவ்வொரு வண்டிக்கும் பார்த்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் 'ஃபோர்க் சரி, பேரிங் சரி' என்று எழுதிக் கொடுத்தால் கார்டை மேசைமேல் திருப்பி வைத்து, சுண்டுவிரலால் என் பக்கம் தள்ளுவார்.

"எதோட சரி, அண்ணா?"

"இன்னா சார், சரின்னா சரிதான்."

"அதான் கேக்குறேன். எத வெச்சுப் பாத்தீங்க? எதோட சரியா இருந்துச்சு?"

முப்பது வருட அனுபவத்தை விரல் நுனியில் வைத்திருக்கிறவனிடம் இப்படிக் கேட்டால் கோபம் வராதா? எனக்கு வந்தது. ஆனாலும் 'நூல் வைத்துப் பார்த்ததில் இருபக்கமும் ஒரே இடைவெளி' என்று நீட்டி எழுதிக் கொடுப்பேன். வாங்கி வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ணா" என்பார்.

ரஃபீக்கின் வண்டிக்கு முன்னால் ஒரு டிபன் பை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் புத்தியைக் கெடுத்தது அந்தப் பைதான்.

ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று கொண்டு வந்தார். இரண்டு நாள் பார்த்தேன். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட்டை மாற்றினேன், டயரைத் திருப்பிப் போட்டேன். எங்கேயும் குறை இல்லை. மூன்றாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், நான்கு அடுக்கு கேரியர், தண்ணீர் பாட்டில், தயிர் டப்பா எல்லாம் அடங்கிய பையை இடது ஹேண்டிலில் மாட்டினார். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பணிமனையே சிரித்தது. "சார், உங்க வண்டிக்கு ஒன்னுமில்ல, உங்க ஊட்டம்மா சமையல்தான் ஜாஸ்தி" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து என் மண்டையில் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் பார்த்து வண்டியில் குறை தெரியவில்லை என்றால் குறை ஓட்டுகிறவனிடம் இருக்கிறது. ஒரு பையை வைத்து உலகத்தையே அளந்துவிட்டேன்.

ரஃபீக் வந்தது அதற்கு அடுத்த வருடம். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயதிருக்கும். தோல் தொழிற்சாலையில் தோலைச் சீவி மெலிதாக்கும் மெஷினில் வேலை பார்த்தவன். அந்த மெஷினில் இடது கை மாட்டி, கடைசி இரண்டு விரலும் மடங்காமல் போய்விட்டன. ஒரு வருடம் வீட்டில் இருந்தான். பிறகு தெரிந்தவர்கள் சொல்லி ஒரு வேலை கிடைத்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துத் தரும் சின்னச் சின்ன யூனிட்டுகள் ஊரெல்லாம் உண்டு. அவற்றில் தைத்து முடித்ததை வாங்கிக் கம்பெனியில் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்காகத் திமிரி ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய நூற்றைம்பது சிசி வண்டி ஒன்று வாங்கியிருந்தான். வண்டி ஓட்டினால்தான் வேலை. அதை அவன் முதல் நாளே சொன்னான்.

"அண்ணா, ஹேண்டில நேரா புடிச்சா வண்டி லெஃப்ட்ல போவுது. வண்டிய நேரா உட்டா ஹேண்டிலு கோணலா நிக்குது. பேஜாரா இருக்குதுணா."

எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன், புதிதாக வந்தவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் காற்று. பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, அதைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு காலையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். நெளியவில்லை. பிறகு கண்ணாடி. எங்கள் பணிமனையில் ஒரு கனமான கண்ணாடித் துண்டு இருந்தது. ஈரத் தோலை ஒட்டிக் காயவைக்கும் கண்ணாடிப் பலகை ஒரு தொழிற்சாலையில் உடைந்தபோது தேவதாஸ் கேட்டு வாங்கி விளிம்பைத் தேய்த்து வைத்தது. அதை ஃபோர்க்கின் இரண்டு பைப்புக்கும் குறுக்கே வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்த வேண்டும். பைப்புகள் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரு கால் குட்டையான நாற்காலி ஆடுவது போலக் கண்ணாடி டக் டக்கென்று ஆடும். ரஃபீக் வண்டியில் ஆடவில்லை. பைப்புகளைக் கழற்றி அதே கண்ணாடிமேல் உருட்டினேன். வளைவு இல்லை.

திரும்ப மாட்டி, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இருபுறமும் நூல் பிடித்தேன். ஹேண்டில் நேராக இருக்கும்போது முன்சக்கரம் இடது பக்கம் ஒரு பொட்டுத் திரும்பியிருந்தது. எப்போதாவது கீழே விழுந்த பழைய வண்டியில் இது சகஜம். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினேன். நேரானது. இறுக்கினேன். நூல் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி காட்டியது. சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று போனேன். அம்பு மாதிரி போனது.

தப்பு இதற்குள்ளேயே இருக்கிறது. படிக்கும்போது கண்ணில் பட்டிருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

பத்து நாளில் திரும்ப வந்தான். அதே கோணல். அதே வேலையைத் திரும்பச் செய்தேன். அடுத்த வாரமே மறுபடி வந்தான். மறுபடியும் கண்ணாடி, நூல், ஒரு வெட்டு. அன்றைக்கு வெயில், பணிமனை நிறைய ஆள், நான்கைந்து வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சல். அவன் கிளட்சைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தேன். மடங்காத இரண்டு விரலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மண்டைக்குள் டிபன் பை ஆடியது.

"ரஃபீக்கு, வண்டிக்கு ஒன்னுமில்ல. உன் கைதான். ரெண்டு விரலு புடிக்கல, மீதி விரலு ஜாஸ்தியா இழுக்குது. வண்டி என்னா பண்ணும்?"

"இல்லணா, நான் லூசாதான் புடிக்கிறேன்..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போப்பா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரஃபீக்கும் சிரித்தான். கையை மட்டும் ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஜாப் கார்டில் 'வண்டி சரி. ஓட்டுபவர் பிடி சரியில்லை' என்று எழுதினேன்.

சாயங்காலம் தேவதாஸ் கார்டைப் பார்த்தார். தள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எதோட சரி, அண்ணா?"

"நூலு பாத்தேன், கண்ணாடி பாத்தேன். ரெண்டும் சரி. இதுக்குமேல என்னால எழுத முடியாது சார். வேணும்னா வேற ஆள வெச்சுப் பாத்துக்குங்க."

அவர் கார்டை மேசை இழுப்பறையில் வைத்தார். மற்ற கார்டுகள் போகும் கம்பியில் குத்தவில்லை.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து ரஃபீக் பைபாஸ் ஓரம் விழுந்தான். வேகத்தடைக்குப் பிரேக் போட்டிருக்கிறான், வண்டி இடது பக்கம் வெட்டியிருக்கிறது. தோள் தேய்ந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதோடு வண்டியைத் தொடவில்லை. வேலைக்கும் போகவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவன் மனைவி நஸீமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோதுதான். ஞாயிறு எங்களுக்குப் பாதி நாள். நானும் தேவதாஸும் மட்டும் இருந்தோம்.

"அண்ணா, இத வித்துக் குடுத்துருங்க" என்றாள்.

"ஏம்மா? ரஃபீக்கு ஓட்டலையா?"

"ஓட்ட மாட்டேங்குறாரு. கைதான் காரணம்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே. எந்நேரமும் ஒரு பந்த வெச்சு அமுக்கிக்கினே இருக்கிறாரு. நேத்து பையன தூக்கச் சொன்னேன். இந்தக் கைய நம்பிக் கொழந்தைய குடுக்காதன்னு சொல்றாரு, அண்ணா."

தேவதாஸ் இழுப்பறையைத் திறந்து அந்தக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு போய்க் கை கழுவிவிட்டு வந்து வண்டியைச் சுற்றி நடந்தார்.

"விக்கிறதுக்கு முன்ன ஒரு தபா பாத்துரலாம்மா. ஏகாம்பரம் அண்ணா, கண்ணாடி எடுங்க" என்றார்.

அடிபட்ட வண்டிதானே என்று எல்லா போல்ட்டையும் தளர்த்தி, முதலில் கண்ணாடி ஆடாமல் படுக்கும்படி பைப்புகளை நிறுத்தி இறுக்கினேன். கண்ணாடி அசையவில்லை. நூல் பிடித்தேன். சக்கரம் இடது பக்கம் திரும்பியிருந்தது. வழக்கம்போல முழங்காலில் பிடித்து ஒரு வெட்டு. சக்கரம் நேர். எழுந்து கையைத் துடைக்கப் போனேன்.

"கண்ணாடிய திரும்ப வைங்க" என்றார் தேவதாஸ்.

"அதான் பாத்தாச்சே சார்."

"வைங்கண்ணா."

வைத்தேன். டக் டக் டக்.

திரும்பத் தளர்த்தினேன். கண்ணாடி படுத்தது, சக்கரம் கோணல். சக்கரத்தை நேராக்கினேன். கண்ணாடி ஆடியது. கண்ணாடி சரியென்றால் நூல் தப்பு, நூல் சரியென்றால் கண்ணாடி தப்பு. மூன்று தடவையும் நான் இரண்டையும் பார்த்தேன், ஆனால் ஒன்றாகப் பார்க்கவில்லை. வேறு வேறு நேரத்தில் கிடைத்த இரண்டு 'சரி'யைக் கூட்டி ஒரே 'சரி' என்று எழுதியிருக்கிறேன். பைப்பை முறுக்கி வைத்துச் சக்கரத்தை நேராகக் காட்டியிருக்கிறேன். நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முறுக்கு பழைய இடத்துக்குத் திரும்பாமல் என்ன செய்யும்? முறுக்கிய பைப் பிரேக் போடும்போது ஒழுங்காக அமுங்குமா?

வெட்கத்தைவிட அந்த நேரத்தில் ஆர்வம்தான் பெரிதாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பைப் வளையவில்லை, முறுகவில்லை, சக்கரம் நெளியவில்லை. பிறகு எது சக்கரத்தைத் திருப்புகிறது? முப்பது வருடத்தில் இப்படி ஒரு விடுகதை எனக்கு யாரும் போட்டதில்லை. முன்பக்கத்தை முழுக்கக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தேன். பைப் வந்து சொருகும் கீழ்க்கூடு இரண்டு உண்டு, அலுமினியத்தில் வார்த்தது. அதை பாட்டம் என்போம். சக்கரத்தின் அச்சு அதன் அடியில் உள்ள ஓட்டைகளில்தான் நுழைகிறது. இரண்டு பாட்டத்தையும் தனித்தனியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை, அடி இல்லை. இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பெயின்ட்.

நஸீமா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, "இத தொடலாமாண்ணா?" என்று கேட்டாள். இரண்டு பாட்டத்தையும் எடுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, குனிந்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் திருப்பி ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினாள்.

"அண்ணா, இது ஜோடி இல்ல."

"இடது வலதும்மா அது. ஒன்னுல பிரேக்கு மாட்டுற காது இருக்குது, அதான் வேற மாதிரி தெரியுது."

"அது எனக்கும் தெரியுதுணா. ஷூவுலயும் இடது வலது வேறதான். பத்து வருஷமா கம்பெனியில ஜோடி சேக்குறதுதான் என் வேல. தனியா பாத்தா ரெண்டும் நல்ல ஷூவாதான் இருக்கும். பக்கத்துல வெச்சாதான் ஒன்னு குள்ளம்னு தெரியும். இந்த ஓட்டையப் பாருங்க. இதுல முன்ன தள்ளி இருக்குது. இதுல அவ்ளோ தள்ளல."

தேவதாஸ் மில்லிக் கணக்கில் அளக்கும் வெர்னியரை எடுத்து வந்தார். அளந்தார். ஓட்டை வலதில் முன்னால், இடதில் நான்கு மில்லி பின்னால். நான்கு மில்லி! அச்சின் இடது முனை அந்த அளவு பின்தங்கி நின்றால் சக்கரம் இடது பக்கம் பார்க்காமல் வேறு எந்தப் பக்கம் பார்க்கும்? அதே கம்பெனி, அதே பைப் கனம், ஆனால் இடது பாட்டம் வேறு மாடல். தனியாகப் பார்த்தால் குறை சொல்லவே முடியாது.

திமிரிக்காரருக்குப் போன் போட்டேன். கேட்டதும் சொல்லிவிட்டார். "ஆமாங்க, ஒரு தபா மாட்டுமேல மோதிட்டேன். ஒரு பக்கம் ஒடஞ்சிருச்சு, பழைய சாமான் கடையில ஒன்னு வாங்கிப் போட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, பெயின்ட்டும் அடிச்சுக் குடுத்தாங்க. ஏங்க, எதனா பிரச்சனையா?" அவரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? நானும்தான் ஒரே மாதிரி இருக்கிறது என்று விட்டேன்.

இரண்டு நாளில் சரியான இடது பாட்டம் வந்தது. மாட்டினேன். கண்ணாடி படுத்தது. அது படுத்திருக்கும்போதே நூல் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. தேவதாஸ் பழைய கார்டை நீட்டினார். என் கையெழுத்தை நானே அடித்துவிட்டு எழுதினேன்: 'இடது பாட்டம் வலதோடு ஜோடி இல்லை. ஓட்டுபவர் கையில் குறை இல்லை.'

"வண்டிய நீங்களே கொண்டு போய்க் குடுத்துருங்கண்ணா. கார்டையும்" என்றார்.

போனேன். ரஃபீக் வீட்டு வாசலில் பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் முகம் திரும்பியது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"ரஃபீக்கு, கூடம்தான் கோணல். உன் கைமேல தப்பில்ல. நான் பாத்ததுதான் தப்பு. நாலு பேரு முன்ன சொன்னேன், மன்னிச்சுக்கப்பா."

கார்டை வாங்கிப் படித்தான். திரும்பப் படித்தான். பந்தைக் கீழே வைத்தான். அது உருண்டு சாக்கடை ஓரம் போனது, யாரும் எடுக்கவில்லை. இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இந்தக் கைய எவ்ளோ திட்டியிருப்பேன் தெரியுமாணா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நஸீமா உள்ளேயிருந்து ஹெல்மெட்டைக் கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள். அவன் எழுந்தான், வண்டியில் உட்கார்ந்தான், ஸ்டார்ட் செய்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பின்னாடி உக்காருங்க."

"நானா?"

"கைதான் காரணம்னு சொன்னது நீங்கதானே? நீங்கதான் உக்காரணும்."

உட்கார்ந்தேன். சந்து தாண்டி, பைபாஸ் ஓரத்து சர்வீஸ் ரோட்டுக்கு வந்தான். நிஜமாகவே பயந்தேன், அவன் ஓட்டுவதற்காக இல்லை, அவன் விழுந்த இடம் வருகிறதே என்று. வேகத்தடைக்குப் பிரேக் போட்டான். முன்பக்கம் நேராக அமுங்கி நேராக எழுந்தது. அதைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. ரஃபீக் ஆக்சிலேட்டரை விட்டான். வலது கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஹேண்டிலில் இடது கை மட்டும் இருந்தது, மடங்காத அந்த இரண்டு விரலும் வெளியே நீட்டிக்கொண்டு. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"டேய், புடிடா! அந்தக் கையயும் வைடா!" என்று கத்தினேன்.

"இருங்கணா," என்றான். "கொஞ்ச தூரம்."